அர்ச்சுனனும் ஆனோடும்

வீரனுக்கு வைக்க வேண்டிய பெயரை ஒரு பயந்தாங்கொள்ளிக்கு வைத்துவிட்டால் அந்தப் பெயர் என்ன பாடுபடும் என்று அறிய விரும்புகிறவர்கள் ஆவாரங்கொல்லைக்கு வரலாம். மலைமேல் புதூர்நாடுவரை வந்து, அங்கிருந்து ஜீப்பில் இன்னும் மேலே ஏற வேண்டும். அங்கே அர்ச்சுனன் என்றொருவர் ஐம்பது வயதைப் பயந்து பயந்தே கடந்து வந்திருக்கிறார். சாமை போடுகிற மேட்டு நிலம், சில புளிய மரங்கள், வாசலில் ஒரு பலா மரம், மாதம்மாள் என்கிற மனைவி, ரேணுகாதேவி என்கிற ஒரே மகள். இவற்றில் அவர் பயப்படாதது எதுவுமில்லை.

பயத்தை அவர் ஒரு குறையாக நினைத்தவர் அல்லர். நோன்பு காப்பதைப் போல நியமத்தோடு காத்து வந்தார். புளி உலுக்கும் பருவத்தில் மரத்தில் ஏறிய ஆள் விழுவானோ என்று பயந்து கண்ணை மூடிக்கொள்வார். கண்ணை மூடியபடி நிற்கையில் தலையில் புளி விழும். அதற்கு ஒரு தனிப் பயம். பலா பழுத்தால் வாசனைக்குக் கரடி வரும் என்று பிஞ்சிலேயே பறித்துக் குழம்பு வைக்கச் சொல்வார். வாசலிலேயே பலா மரம் நிற்க, பலாச்சுளை தின்னாத குடும்பம் மலையில் அது ஒன்றுதான். மொச்சை ஊற வைத்தால்கூடப் பாதிப் பானைக்கு மேல் போட விடமாட்டார். ஊறி உப்பினால் பானை விண்டுபோகுமாம். மாதம்மாளைக் கட்டிக்கொண்டதே வேண்டாமென்று சொல்லப் பயந்துதான். மாதம்மாளுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது. வீட்டுக்கு ஒருத்தர் பயந்தால் போதும் என்று அந்த இலாகாவை அவள் முழுவதுமாகக் கணவரிடமே விட்டுவைத்திருந்தாள்.

மலையிலிருந்து இறங்கும் ஜீப்பில் எல்லோரும் உள்ளே இடம் தேடுவார்கள். அர்ச்சுனன் மட்டும் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே தொங்குவார். வண்டி கவிழ்ந்தால் முதல் ஆளாகக் குதித்துவிடலாம் என்கிற முன்யோசனை. வளைவுக்கு வளைவு அவருடைய திருமேனி பள்ளத்துக்கு மேலே ஊசலாடும்.

"மாமா, உள்ள வந்து குந்து மாமா. கண்ணாடில உன்னியப் பாத்தா எனக்கு ஸ்டீரிங் ஆடுது" என்பான் ஜீப் ஓட்டுகிற சுப்பிரமணி. அவன் பக்கத்து வீடு, உறவில் மருமகன் முறை.

அந்தச் சுப்பிரமணியின் செல்போன்தான் அர்ச்சுனன் வாழ்வில் புதிய பயத்தின் யுகத்தைத் திறந்து வைத்தது. ஒருநாள் சார்ஜில் கிடந்த போன், யாரும் தொடாமலே வயிறு உப்பி, முதுகு மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தது. "பேட்டரி ஊதிக்கிச்சி மாமா" என்று சுப்பிரமணி அதைக் கையில் வைத்துத் தட்டிப் பார்த்தான். அர்ச்சுனன் தாழ்வாரத்தைத் தாண்டி, சாமைக் கொல்லையைத் தாண்டி, அடுத்தவர் கொல்லையில் போய் நின்றுதான் திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு மகள் வாங்கித் தந்த போன் அவர் வீட்டுப் படி ஏறவில்லை. ஒரு துணிப்பையில் போட்டுப் பலா மரக் கிளையில் தொங்கவிட்டார். ஊரில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடமும் அந்த மரத்தடியாக இருந்தது, பயத்துக்கு இயற்கை அளித்த நற்சான்று. மணி அடித்தால் அர்ச்சுனன் ஓடிவருவார். பைக்குள் விரலை விட்டுப் பொத்தானைத் தட்டி, ஸ்பீக்கரையும் போட்டுவிட்டு, சூடு பட்டவர் மாதிரி நாலெட்டு பின்னால் ஓடிப்போய் நின்று கத்துவார். மரமும் கத்தும். ஆவாரங்கொல்லைக்குச் செய்தித்தாள் வருவதில்லை. அந்தக் குறை இப்படித் தீர்ந்தது. மணி அடித்ததுமே எதிர்வீட்டு முத்தம்மாள் முறத்தோடு வந்துவிடுவாள். ஊர்க் கவுண்டர் தங்கவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கல்லில் அமர்வார்.

ரேணுகாதேவி வேலூர்ப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். என்ன ஆராய்ச்சி என்பதில் ஊருக்குள் கருத்து வேறுபாடே கிடையாது. "எலெக்ட்ரோடு" என்று அவள் ஒருமுறை மரத்தின் வழியாகச் சொல்லியிருந்தாள். ரோடு என்ற சொல் எல்லோர் காதிலும் தெளிவாக விழுந்தது. மலைக்கு ரோடு போடுகிற படிப்பைத்தான் பெண் படிக்கிறாள் என்று ஊர் மகிழ்ந்தது. அடுத்த தடவை "நானோ எலெக்ட்ரோடு" என்றாள். நானோ என்றால் ரொம்பச் சின்னது என்று விளக்கமும் சொன்னாள். தங்கவேல் கவுண்டர் பெருந்தன்மையோடு, "சின்ன ரோடா இருந்தா இன்னா, ஜீப்பு போற அகலம் இருந்தாப் போதும்" என்று மரத்திடம் தெரிவித்தார். பொங்கலுக்கு வந்தவள் திரும்பும்போது ஒரு மூட்டைச் சாமை உமி கட்டிக்கொண்டு போனாள். உமியைப் போட்டா ரோடு போடுவார்கள் என்று யாரும் சந்தேகப்படவில்லை. புதூர்நாட்டுக்குப் போகிற பாதையைப் பார்த்தவர்களுக்கு உமி முன்னேற்றமாகத்தான் தெரிந்தது.

இந்த நிலையில்தான் அந்தப் பிற்பகல் வந்தது. மாதம்மாள் கொல்லையில் இருந்தாள். மரம் மணி அடித்தது. அர்ச்சுனன் தட்டினார், ஓடினார், நின்றார்.

"நைனா, இந்த மாசம் வூட்டுக்கு வர முடியாது. பொழுது பூரா ஆனோடுதான் போவுது!"

சாமை கதிர் விடுகிற காலம். மலையில் காற்று பலமாக அடித்தது.

"யாரோட?" என்று கத்தினார் அர்ச்சுனன்.

"ஆனோடு நைனா, ஆனோடு! கேத்தோடு நல்லாத்தான் கீது. ஆனோடுலதான் பிரச்சினை. வீங்கிக்கினே போவுது. ரெண்டு மாசமா!"

முத்தம்மாளின் முறம் நின்றது.

"இன்னாது?"

"வீங்குது! மேடத்துக்குத் தெரியும். இப்போதிக்கி வெளிய சொல்லாத, முடிவு தெரிஞ்சப்புறம் எல்லாருக்கும் சொல்லிக்கலாம்னு..."

சிக்னல் போய்விட்டது.

அவள் சொன்னது ஆனோடு. பேட்டரிக்குள் இருக்கும் இரண்டு மின்முனைகளில் ஒன்றுக்கு ஆனோடு என்று பெயர். மற்றதற்குக் கேத்தோடு. ஆனால் பலா மரத்துக்கும் அர்ச்சுனனுக்கும் இடையே இருந்த அந்த நாலெட்டுக் காற்றில் பயணம் செய்து வந்தபோது ஆனோடு ஆணோடு ஆகிவிட்டிருந்தது. கேத்தோடு கெத்தோடு ஆகிவிட்டிருந்தது. ஓர் ஆணோடு, அதுவும் கெத்தோடு, இரண்டு மாதமாக வீக்கம். தமிழில் ஒரு சுழி இப்படி மாறியதற்காக யாரும் இவ்வளவு வியர்த்ததில்லை.

முதலில் வாய் திறந்தது முத்தம்மாள்தான். "ரெண்டு மாசத்துலயே வீங்குமா? எனக்கெல்லாம் நாலாம் மாசந்தான் தெரிஞ்சிது."

"ரெட்டப் புள்ளையா இருக்கும்" என்றான் சுப்பிரமணி.

அர்ச்சுனன் தரையில் உட்கார்ந்தார். அதுவரை அவர் சேர்த்து வைத்திருந்த பயமெல்லாம் ஒத்திகை என்று அப்போதுதான் விளங்கிற்று. கரடி, ஜீப்பு, பானை எல்லாம் வெளியே இருந்து வருகிறவை, ஓடினால் தப்பலாம். இதற்கு எந்தப் பக்கம் ஓடுவது?

தங்கவேல் கவுண்டர் தொண்டையைச் செருமினார். ஊருக்காகச் செருமுகிற தொண்டை அது. "அர்ச்சுனா, தப்பு ரைட்டு அப்பால பேசிக்கலாம். காத்தாலயே ஜீப்பு ஏறு. போயி பொண்ண இட்டுக்கினு வா. வந்து வூட்டோட கெடக்கட்டும். ரோடும் வாணாம், படிப்பும் வாணாம்."

கொல்லையிலிருந்து வந்த மாதம்மாள் தலைச்சுமையை இறக்காமலே விஷயத்தைக் கேட்டாள். "அது அப்பிடிப்பட்ட பொண்ணு இல்ல. நீ போனை காதுல வெச்சிக் கேட்டியா? இல்ல வழக்கம்போல அந்தாண்ட நின்னுக்கினு கேட்டியா?"

"ஊரே கேட்டுச்சி மே."

"ஊருக்கும் சேத்துக் காது செவுடு. நவுரு, நானே போய் வர்றேன்."

அவள் போனால் யாரை அடிப்பாளோ என்று அர்ச்சுனன் பயந்தார். தானே போனால் யாரிடம் அடி வாங்குவோமோ என்றும் பயந்தார். இரண்டில் இரண்டாவது கொஞ்சம் சிறியது என்று முடிவு செய்து, மறுநாள் காலை ஜீப்பின் பின்னால் தொங்கினார். மகளுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்பதென்றால் மரத்தடியில் ஊர் கூடக் கேட்க வேண்டும். அதுவும் போக, பதில் தெரிந்துவிடுமே.

திருப்பத்தூரில் பஸ் மாறி, வேலூருக்குப் போகும் வழியெல்லாம் அவர் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். 'வா போலாம்' என்று மகளிடம் சொல்ல வேண்டும். அந்த ஆணிடம் என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை. 'வணக்கமுங்க' என்பதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

கல்லூரியில் கேட்டுக் கேட்டு ஆய்வுக்கூடத்தைக் கண்டுபிடித்தார். வாசலில், கண்ணுக்குப் பெரிய கண்ணாடி மாட்டி, வெள்ளைக் கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒருவன் நின்றான். முறுக்கிய மீசை. ஆய்வுக்கூட உதவியாளன் வெற்றிச்செல்வன் என்பது அர்ச்சுனனுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். இதுதான் கெத்து.

"ரேணுகாதேவி..." என்றார்.

"நம்ம ரேணுதான? உள்ள இருக்குது. நீங்க?"

"அப்பன்."

"அடடே, வாங்க, வாங்க! உங்களப் பத்திச் சொல்லாத நாள் இல்லீங்க."

நம்ம ரேணு! அர்ச்சுனன் மீசையை இன்னொரு முறை பார்த்தார். "நீதானா அது?" என்றார்.

"நான்தாங்க. உங்க பொண்ணுக்கு இன்னா வேணும்னாலும் நான்தான் பாத்துக்கறது."

"உனக்குக் கண்ணாலம்..."

"ஆயிடுச்சிங்க. ரெண்டு பசங்க. பெரியவன் அஞ்சாவது படிக்கிறான்" என்று வெற்றிச்செல்வன் பெருமையோடு சொல்லிக் கதவைத் திறந்தான். அர்ச்சுனன் சுவரைப் பிடித்துக்கொண்டார். கெட்ட செய்தி இதற்குமேல் போக வழியில்லை என்று நினைத்த இடத்தில் எல்லாம் அதற்கு ஒரு சந்து இருந்தது.

உள்ளே பார்த்தார். கண்ணாடி முகப்பு வைத்த ஒரு பெரிய இரும்புப் பெட்டி அவருடைய மகளின் இரண்டு கைகளையும் தோள்வரை விழுங்கியிருந்தது. பக்கத்திலேயே அதேபோல இன்னொரு பெட்டி. அதிலிருந்து இரண்டு கறுத்த ரப்பர் கைகள் விறைப்பாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே யாரும் இல்லை. கைகள் மட்டும் யாரையோ கேட்டு நின்றன. காற்றும் ஈரமும் படக்கூடாத பொருள்களை அடைத்து, கையுறை வழியாக வேலை செய்கிற பெட்டிகள் அவை. அர்ச்சுனனுக்கு அந்த நேரத்தில் அப்படித் தோன்றவில்லை.

"நைனா!" மகள் கைகளை உருவிக்கொண்டு ஓடி வந்தாள். "இன்னா நைனா, சொல்லாம கொள்ளாம? அம்மா நல்லா கீறாங்களா?"

அவர் அவள் வயிற்றைப் பார்த்தார். சாமைத் தாள் மாதிரி ஒடிசலாக இருந்தாள். "வீக்கம் எங்க?" என்றார்.

"வீக்கமா? அது உள்ள கீது நைனா. வெளிய பாத்தா தெரியாது."

"டாக்டராண்ட காட்டினியா?"

"காட்டாம? கல்பனா மேடமே டாக்டர்தான? வீங்கறத நிறுத்த முடியாது, அதுக்கு எடம் வுட்டுடணும்னு சொல்லிட்டாங்க."

அர்ச்சுனன் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஆணு... எங்க?"

மகளின் முகம் மலர்ந்தது. அப்பன் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்பது இதுவே முதல் தடவை. "பாக்கறியா நைனா?" என்று மேசைக்குப் போய், இடுக்கியில் எதையோ கவ்விக்கொண்டு வந்தாள். சட்டைப் பொத்தான் அளவில் வெள்ளித் துண்டுபோல ஒன்று. "தோ, இதுக்குள்ள."

"இதுக்குள்ளயா? ஆணா?"

"ஆனோடு. பேட்டரிக்குள்ள ஒரு பக்கம் ஆனோடு, இன்னொரு பக்கம் கேத்தோடுன்னு இருக்கும். நான் செய்யறது ஆனோடு. நம்ம வூட்டுச் சாமை உமில இருந்துதான் நைனா, நீ மூட்டை கட்டிக் குடுத்தியே! உமியக் கொளுத்தி, மருந்து போட்டு வேக வெச்சி, உள்ளருந்து சிலிக்கான எடுக்கறோம். நம்ம தலைமுடிய ஆயிரமா கீறினா எத்தினி சிறுசு, அத்தினி சிறுசு பொடி. அதுதான் நானோ."

அர்ச்சுனனின் முகத்தில் ஓடியதையெல்லாம் மகள் ஒன்றொன்றாகப் படித்தாள். படித்து முடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வெற்றிச்செல்வன் வாசலில் காலரை இறக்கிவிட்டுக்கொண்டான். பிறகு அவளுடைய சிரிப்பு நின்றது.

"ஊரே கேட்டுச்சா நைனா?"

"ஊரே."

"அம்மா?"

"அம்மா நம்பல." அர்ச்சுனன் தரையைப் பார்த்துச் சொன்னார். "கவுண்டரு உன்னிய இட்டுக்கினு வரச் சொல்லிட்டாரு. இனிமே அனுப்ப வாணாம்னு."

அவள் இடுக்கியிலிருந்த பொத்தானைப் பார்த்தாள். அதற்குள் ஐந்து வருஷப் படிப்பு இருந்தது.

அர்ச்சுனனுக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆண் இல்லை. கெத்து இல்லை. இரட்டைப் பிள்ளை இல்லை. கூப்பிட்டுப்போக வேண்டிய காரணமே இல்லை. அந்த நிம்மதியை அவர் அரைகுறையாக அனுபவித்துக்கொண்டிருக்கும்போதே, மகள் சொன்னதிலிருந்த ஒரு சொல் பின்னாலிருந்து வந்து தோளைத் தட்டிற்று.

"பேட்டரின்னா எந்த பேட்டரி?"

"போன்ல இருக்குமே, அதுதான். லித்தியம் பேட்டரி."

"சுப்பிரமணி போன்ல ஊதிக்கிச்சே, அதா?"

"அதேதான்" என்றாள் மகள்.

எந்தப் பிசாசை மரத்தில் தொங்கவிட்டுவிட்டு இவர் நாலெட்டு தள்ளி நின்றாரோ, அந்தப் பிசாசுக்கு இவள் பிரசவம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்! அதுவும் அவருடைய நிலத்துச் சாமை உமியில். அர்ச்சுனனுக்குக் கண் இருண்டது. ஓர் ஆணாகவே இருந்திருக்கலாம் என்று மனதாரத் தோன்றியது. ஆணென்றால் கவுண்டரை வைத்துப் பேசலாம், சம்பந்தம் பண்ணலாம். எவ்வளவு கெத்தான ஆணும் சார்ஜ் போட்டால் தீப்பிடிப்பதில்லை.

"பொட்டிய மூடு" என்றார். குரல் கீச்சென்று வந்தது. "துணிமணிய எடு. வூட்டுக்குப் போலாம்."

"நைனா, நான் சொல்றதக் கேளு..."

அப்போது அறை மூலையில் இருந்த ஒரு கருவி நீளமாக ஊளையிட்டது.

அர்ச்சுனன் யோசிக்கவில்லை. யோசித்துப் பயப்படுவது கற்றுக்குட்டிகளின் வழக்கம். அவர் அப்படியே சரிந்து பக்கத்து மேசைக்கு அடியில் புகுந்து, தலைமேல் கைகளைக் கவிழ்த்துக்கொண்டார். வெடிக்கட்டும் என்று காத்திருந்தார். வெடிக்கவில்லை. மெல்லக் கண்ணைத் திறந்தார். எதிரே, அதே மேசைக்கு அடியில், அதே மாதிரி தலைமேல் கைகளைக் கவிழ்த்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

ரேணுகாதேவி.

மேசைக்கு வெளியே இரண்டு செருப்புக் கால்கள் வந்து நின்றன. மேலேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "ஒண்ணுமில்லம்மா, டெஸ்ட் முடிஞ்சதுக்கு அடிக்குது. வெளிய வா. கூட யாரு?"

"எங்க அப்பா மேடம்."

ரேணுகாதேவியின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கல்பனா மேடம் குனிந்து பார்த்தார். கையில் தேநீர்க் குவளை இருந்தது. "வணக்கங்க. அப்படியே உக்காந்திருங்க, ஒண்ணும் அவசரமில்ல. உங்க பொண்ணு எதுக்கு பீப் அடிச்சாலும் மொதல்ல அங்கதான் போவா. டீ சொல்லட்டுமா?"

அர்ச்சுனன் தலையை மட்டும் ஆட்டினார். வேண்டும் என்பதா வேண்டாம் என்பதா என்று புரியாமலே மேடம் போய்விட்டார்.

"உனக்கும் பயமா?" என்று கேட்டார் அர்ச்சுனன். இருபத்தைந்து வயது மகளிடம் இதைக் கேட்க அவருக்கு இதுவரை தோன்றியதே இல்லை. படித்தவர்களுக்குப் பயம் போய்விடும் என்று நம்பியிருந்தார்.

"தெனமும் பயம் நைனா. அந்தப் பெட்டில கை விடறதுக்கு முன்னால கையுறைல ஓட்டை இருக்குமான்னு மூணு தபா பாப்பேன். அப்புறம் மறந்துட்டு இன்னொரு தபா."

"அப்ப இன்னாத்துக்கு இங்க கெடக்கற? வா போலாம். நம்மூர்ல பயந்துக்கினு கெடக்கலாம்."

அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "நைனா, மொச்சைய நீ ஏன் பாதிப் பானைதான் ஊற வெக்கற?"

"ரொப்பினா உப்பிக்கும். பானை விண்டுடும்."

"சிலிக்கானும் அப்பிடித்தான். சார்ஜ் ஏற ஏற ஊறின மொச்சை மாதிரி உப்பிக்கும், எறங்கினா சுருங்கிக்கும். உப்பி உப்பிச் சுருங்கினா ஆனோடு விண்டு நாசமாப் போயிடும். அதனால பொடிய ரொம்பச் சிறுசாக்கி, ஒவ்வொண்ணயும் கரி ஓட்டுக்குள்ள வெச்சி, அத முழுசா ரொப்பாம எடம் வுடறோம். அரைப் பானை. எவ்ளோ எடம் வுடறதுன்னு பாக்கறதுதான் என் ஆராய்ச்சியே. மத்தவங்க கொஞ்சமா வுட்டாங்க. நான் பயந்துக்கினு நெறயா வுட்டேன். அதுதான் இப்ப மருந்து மாதிரி கொஞ்சம் கேக்குது. மேடம் இன்னும் வெளிய சொல்லக் கூடாதுன்னாங்க."

அர்ச்சுனன் அந்தப் பாதிப் பானையை நினைத்துப் பார்த்தார். ஊரே சிரித்த பானை அது.

"இன்னொண்ணு சொல்றேன், திட்டாத" என்றாள் மகள். "மத்தவங்கள்லாம் காருக்கு வோணும், வண்டிக்கு வோணும்னு பண்றாங்க. நான் இந்த வேலைல சேந்ததே நீ போனை மரத்துல மாட்டிட்டு அந்தாண்ட நின்னு கத்தறதாலதான். நீ கையில எடுத்துப் பேசற மாதிரி ஒண்ணு செய்யணும்."

அர்ச்சுனன் மூக்கை மேல்துண்டில் துடைத்துக்கொண்டார்.

"நான் வந்துட்டா இந்த எடத்துக்கு வேற யாராவது வருவாங்க" என்றாள். "போன வருசம் ஒருத்தரு இருந்தாரு. எதுக்கும் பயப்பட மாட்டாரு. அவருக்குப் புருவம் இன்னும் முழுசா மொளைக்கல."

எதற்கும் பயப்படாத ஒருவன் பேட்டரி செய்வதை அர்ச்சுனன் மனக்கண்ணில் பார்த்தார். அவன் முழுப் பானையும் ரொப்புவான். அது ஒருநாள் ஜீப்பில் ஏறும், மலைக்கு வரும், யாரோ ஒருவர் வீட்டில் சார்ஜ் ஏறும். கரடி, கவுண்டர், ஊர் எல்லாம் அந்தக் காட்சிக்கு முன்னால் சின்னதாகிவிட்டன. அவருக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய பயம் அதுதான். அந்தப் பயம்தான் முடிவெடுத்தது.

"நீ இங்கயே இரு" என்றார்.

மகள் நிமிர்ந்தாள். மேசையில் தலை இடித்துக்கொண்டாள்.

"பாத்து!" என்று பதறினார் அர்ச்சுனன்.

திரும்பி வந்த ஜீப்பைப் பலா மரத்தடியிலேயே ஊர் எதிர்கொண்டது. பின்கம்பியிலிருந்து இறங்கியவர் தனியாக இறங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். மாதம்மாள் கையில் அரிவாளோடு வாசலில் நின்றாள், தழை அறுக்கப் போகிறவளாக.

"பொண்ணு எங்க?" என்றார் தங்கவேல் கவுண்டர்.

அர்ச்சுனன் திக்கித் திணறிச் சொன்னார். ஆண் இல்லை, ஆனோடு. பேட்டரிக்குள்ளே ஒரு பக்கம். வீங்குவது அது. மறுபக்கத்துக்குக் கேத்தோடு என்று பெயர். நம்ம சாமை உமி.

"அப்ப ஆணோட இன்னொரு பக்கம் பொண்ணோடு இல்லியா?" என்றான் சுப்பிரமணி.

"கேத்தோடு."

"கெத்தோட யாரு?" என்றாள் முத்தம்மாள்.

"அவருக்கு ரெண்டு பசங்க" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு அர்ச்சுனன் மேலும் வியர்த்தார்.

மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. கடைசியில் ஊருக்குப் புரிந்தது. புரிந்த பிறகும் பழி இல்லை என்கிற ஆறுதல் யார் முகத்திலும் இல்லை. தங்கவேல் கவுண்டர்தான் எல்லோர் மனத்திலும் இருந்ததைக் கேட்டார்.

"அப்ப ரோடு?"

"ரோடு இல்லீங்க. எலெக்ட்ரோடுன்னாலே பேட்டரிதான்."

முத்தம்மாள் முறத்தைத் தரையில் வைத்தாள். பெண் கெட்டுப்போனாள் என்று கேள்விப்பட்டபோதுகூட ஊர் இப்படி இடிந்து போகவில்லை.

"ஆணும் இல்ல, ரோடும் இல்ல" என்று கவுண்டர் கணக்கைத் தீர்த்தார். "நெருப்புப் புடிக்கிற வேலைல பொண்ண வுட்டுட்டு வந்திருக்கற. சொன்ன பேச்சு சொன்னதுதான். நாளைக்கே போயி இட்டுக்கினு வந்துடு."

அர்ச்சுனன் வாழ்நாளில் ஊர்க் கவுண்டரிடம் சொன்னதெல்லாம் 'சரிங்க' ஒன்றுதான். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். "வர மாட்டா" என்று வந்தது.

"இன்னா சொன்ன?"

"அங்க பயந்தவ ஒருத்தி இருக்கணுங்க கவுண்டரே. இல்லாங்காட்டி பயப்படாதவன் வந்துடுவான்."

சொல்லிவிட்டு, சொன்னது தான்தானா என்று திகைத்து, அடுத்த கணம் வீட்டுக்குள் ஓடிக் கதவைத் தாழிட்டுக்கொண்டார். மிச்சத்தை வெளியே மாதம்மாள் பார்த்துக்கொண்டாள். அவள் என்ன பேசினாள் என்பது உள்ளே சரியாகக் கேட்கவில்லை. அரிவாளைப் பலா மரத்தில் ஒருமுறை கொத்தி வைத்த சத்தம் மட்டும் கேட்டது. கவுண்டர் அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் தொண்டையைச் செருமவில்லை.

சில நாள் கழித்து மரம் மணி அடித்தது. ஊர் வழக்கம்போலக் கூடிற்று. அர்ச்சுனன் ஓடி வந்தார். பைக்குள் விரலை விட்டார். பின்னால் ஓடப்போனவர் பாதியில் நின்றார். நாலெட்டு தள்ளி நின்றால் ஒரு சுழி மாறும், ஒரு சுழி மாறினால் பெண்ணின் வாழ்க்கையே மாறும் என்பதை அவர் கண்டாயிற்று. பேட்டரி வெடிப்பது ஒரு பயம். தப்பாகக் கேட்பது அதைவிடப் பெரிய பயம்.

அவர் பையிலிருந்து போனை எடுத்தார். தேளைப் பிடிப்பதைப் போல இரண்டு விரலால் பிடித்தார். ஸ்பீக்கரைப் போடவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு காதில் வைத்தார். முத்தம்மாள் வாயைப் பிளந்தாள். கவுண்டர் ஏமாற்றத்தோடு கல்லிலிருந்து எழுந்து போனார்.

"நைனா, ஆனோடு..." என்றது காதுக்குள் குரல்.

"ஆனோடு. கேக்குது, சொல்லு."

"வீக்கம் கொறஞ்சிருக்கு நைனா! அரைப் பானை கேட்டுச்சி! அடுத்த மூட்டை உமி அனுப்பு."

"அனுப்பறேன்." போன் காதில் வெதுவெதுப்பாக இருந்தது. அது சூடு ஏறுவதா, தன் காதின் சூடா என்று அவருக்குப் புரியவில்லை. முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்கிற்று. வைத்துவிடலாம் என்று கை சொன்னது. அவர் வைக்கவில்லை.

"உன் கொரலு ஏன் நைனா இப்பிடி நடுங்குது?"

"காத்து அடிக்குதும்மா" என்றார் அர்ச்சுனன்.

பலா மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.